அரைஞாண் கயிற்றில் ஒரு பென் டிரைவ்

அவர் சட்டையைத் தூக்கினால் எங்கள் தெருப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு சிரிப்பார்கள். இடுப்பில் கட்டியிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றில், மற்ற ஆண்கள் தாயத்தோ சாவியோ கோத்திருக்கும் இடத்தில், அவர் ஒரு பென் டிரைவைக் கோத்திருந்தார். மூடி கயிற்றோடு நிற்கும். உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகுவார்.

"குளிக்கையில நனையாதா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நனஞ்சா காய வச்சுக்கிடலாம் தம்பி. தொலஞ்சாத்தான் கஷ்டம்."

அந்த பென் டிரைவுக்குள் லினக்ஸ் இருந்தது. கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள். காசு கிடையாது, யாரும் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம். பரளச்சிப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்துக்கொண்டு, மழை பார்த்து விதைக்கிற ஒரு மனுசருக்கு இதில் என்ன இவ்வளவு பிடிப்பு என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விதைப்பு, களையெடுப்பு முடிந்த நாட்களில் ஒரு பழைய மொபெட்டில் திருச்சுழி, அருப்புக்கோட்டை, பாலவனத்தம் என்று சுற்றுவார். வீடுகளில் முடங்கிக் கிடக்கிற பழைய கம்ப்யூட்டர்களுக்கு அதைப் போட்டுக் கொடுப்பார்.

போட்டுவிட்டு ஒரே பேச்சுத்தான். "பத்து நாளு பழகிப் பாருங்க. பதினோராம் நாளு வாரேன். ஒத்து வரலைன்னா பழையபடி ஆக்கித் தாரேன்."

பதினோராம் நாள் வந்துவிடுவார், கையில் ஒரு டைரியோடு. "நல்லா இருக்கா?" என்று கேட்க மாட்டார். "என்ன செய்ய முடியல?" என்றுதான் கேட்பார். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். பாலவனத்தத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பத்து வருசமாகத் தட்டச்சு செய்து வைத்த மனுக்களெல்லாம் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரிகின்றன என்று கத்தினார். பழைய தமிழ் எழுத்துரு அதில் இல்லை. இவர் இரண்டு நாள் மெனக்கெட்டு அதைச் சரிசெய்தார். அருப்புக்கோட்டையில் விசைத்தறி போட்டிருந்தவர், பில் அடிக்கிற மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றார். அதற்கு வழியில்லை. "ஒங்களுக்கு இது ஒத்து வராது அண்ணாச்சி. கொறை இது மேலதான், ஒங்க மேல இல்ல" என்று சொல்லி, விண்டோஸையே திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். தன் சரக்கைத் தானே குறை சொல்லுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சொல்லப்போனால் அந்த டைரியில் பாதிக்கு மேல் "முடியல"தான். என்னைக் கேட்டால் இதுதான் சொல்வேன்: கம்ப்யூட்டரில் தன் காரியத்தை மட்டும் பார்க்கிற வீட்டுக்கு அது போதும், ஊரோடும் ஆபீஸோடும் ஒத்துப்போக வேண்டியவனுக்கு அது பெரும்பாடு. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே அதையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

ரேசன் கடைக்கு எதிர்வீட்டு அக்கா சொன்ன குறை வேறு மாதிரி. "அந்தப் பச்சைப் புல்லு மேடு எங்க போச்சு? வெடிஞ்சதும் அதப் பாத்தாத்தான் எனக்கு மனசுக்கு நல்லா இருக்கும்." பழைய விண்டோஸில் திரையை நிறைத்துக்கொண்டு இருக்குமே, அந்தப் படம். எங்கள் பக்கம் வருசத்தில் பத்து மாதம் பச்சையைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்தப் படத்தின் மேல் சனங்களுக்கு ஒரு ஆசை இருந்தது. அந்தப் படம் அடுத்தவர் சொத்து, போட முடியாது என்றார் இவர். ஆனால் அந்த மார்கழியில் தன் காட்டில் கொத்தமல்லி பூத்து நிற்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்தார். கரிசல் தெரியாமல் பச்சை, அதற்கு மேல் வெள்ளைப் பூ. அதற்குப் பிறகு அவர் கை வைத்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த மல்லிக் காடுதான். படத்தின் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும்.

"அது என்னண்ணே?"

"களை எடுக்கற ஆளு" என்றார்.

நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு பழக்கத்தை. அடுத்தவர் பொருளை அவர் பார்க்க மாட்டார், வைத்துக்கொள்ளவும் மாட்டார். நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். "முடிச்சாச்சா?" என்று சுவரிடம் கேட்பார். நீங்கள் முடிந்தது என்று சொன்ன பிறகுதான் திரும்புவார். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அவரை நம்பிக் கம்ப்யூட்டரைக் கொடுத்ததற்கு அதுதான் காரணம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஒரே ஒருதடவை வாய் திறந்தார்.

"முந்தி ஒரு ஊர்ல ஒரு கடையில வேலை பாத்தேன். ரிப்பேருக்கு வாறதுல என்னென்ன இருக்குன்னு நோண்டிப் பாக்கறதே அங்க ஒரு சோலியா வச்சிருந்தாங்க. போட்டோவ எல்லாம் தனியா எடுத்து வச்சுக்கிருவாங்க. ஒரு புள்ள வந்து அழுதுச்சு. அன்னைக்கே வந்துட்டேன்."

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது தங்கச்சி போன பிறகு.

பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு அரசாங்கம் லேப்டாப் கொடுத்தது. நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஒரே வெறி. பாடத்தைச் சத்தமாக வாசித்து அதில் பதிவு செய்துகொள்வாள். பாத்திரம் விளக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதைப் போட்டுக் கேட்பாள். காய்ச்சல் என்று படுத்தவள் எட்டே நாளில் போய்விட்டாள். மதுரை வரை கொண்டுபோயும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் போட்டோ நாலைந்து இருந்தது. குரல் மட்டும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. சில மாதத்தில் அதுவும் திறக்காமல் போய்விட்டது. கடைக்காரர்கள் எல்லாரும் "அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் ஓடும்" என்றார்கள். அம்மா அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள்.

அவர் வந்து, சட்டையைத் தூக்கி, பென் டிரைவை உருவிச் சொருகினார். லேப்டாப்பில் இருந்த எதையும் தொடாமல், பென் டிரைவுக்குள் இருக்கும் லினக்ஸைக் கொண்டே அது உயிர் பெற்றது. தங்கச்சியின் பதிவுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அம்மாவை உட்காரவைத்து, தான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். "இதயம் நான்கு அறைகளைக் கொண்டது" என்று தங்கச்சி சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு எல்லாவற்றையும் தன்னிடமிருந்த ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்து, லேப்டாப் முழுவதும் லினக்ஸ் போட்டு, பதிவுகளைத் திரும்ப உள்ளே வைத்தார். திறந்தவுடன் மல்லிக் காடு, அதன் நடுவில் ஒரே ஒரு பெட்டி. அதைத் தொட்டால் தங்கச்சி பாடம் வாசிப்பாள். அவ்வளவுதான் அம்மாவுக்குத் தேவை. மைக்கும் ஸ்பீக்கரும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தன் குரலைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் கண் முன்னாலேயே தன் டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அழித்தார்.

"பாருங்கக்கா. எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஒங்க பொருளு ஒங்ககிட்டத்தான் இருக்கணும்."

"இப்பேர்ப்பட்ட மனுசன் உண்டுமா" என்று அம்மா வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இத இன்னொரு எடத்துலயும் எடுத்து வையி தம்பி. ஒரு பென் டிரைவ் போதும்." சரி என்றேன். இந்த மாசம், அடுத்த மாசம் என்று ஒன்றரை வருசம் ஓட்டிவிட்டேன்.

அம்மா ஐந்தாவதுதான் படித்தவள். அந்த ஒன்றரை வருசத்தில் இதயத்தின் அறைகளும் வால்வுகளும் அவளுக்கு மனப்பாடம். ஒரு பதிவின் நடுவில், பாடத்தை நிறுத்திவிட்டு, "அம்மா, சோத்தப் போட்டு வைங்க, வாரேன்" என்று தங்கச்சி கத்துவாள். அந்த இடம் வருகிறவரை அம்மா அடுப்படியிலிருந்து நகர மாட்டாள்.

எனக்கு விருதுநகரில் ஒரு மில் ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு மென்பொருள், விண்டோஸில் மட்டும் ஓடுவது. மாசக் கடைசியில் வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவரிடம் கேட்டேன்.

"லைசென்ஸ் வாங்கிட்டு வா தம்பி, நானே ரெண்டும் இருக்கற மாதிரி போட்டுத் தாரேன். திருட்டுக் காப்பி மட்டும் எங்கையால போட மாட்டேன்."

எனக்கு எரிச்சல். ஊரில் எல்லாரும் போடுகிறார்கள், இவர் ஒருத்தர் மட்டும் யோக்கியரா என்று நினைத்தேன். அவரிடம் சொல்லாமல், அம்மாவிடமும் சொல்லாமல் லேப்டாப்பை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒன்று மட்டும் கேட்டார். "முக்கியமானது எதுவும் இருக்கா?"

"எல்லாம் டி-ல இருக்கு. அத விட்டுருங்க" என்றேன்.

நாம் எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் சி, டி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும்; சி என்றால் அழிக்கலாம், டி என்றால் பத்திரம். ஆனால் அவர் போட்டுக் கொடுத்ததில் சி-யும் இல்லை, டி-யும் இல்லை. எல்லாம் ஒரே இடம். கடைக்காரரின் விண்டோஸுக்கு அந்த இடத்தை வாசிக்கத் தெரியாது. காலி இடம் போலத்தான் காட்டியிருக்கும். அவரே சி, டி என்று புதிதாகப் பிரித்து, விண்டோஸைப் போட்டு, துடைத்துக் கையில் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று சாயங்காலம் அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். மல்லிக் காட்டைக் காணோம். பெட்டியைக் காணோம். நீலமாக என்னவோ இருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய்யா, நா ஏதும் தப்பா அமுக்கிட்டனா?"

கொஞ்ச நேரம் நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவள் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பரளச்சிக்குப் போனேன். காட்டில் நின்றார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அண்ணே, ஒரு காப்பி வச்சிருப்பீகள்ல? அன்னைக்கு எடுத்தீகள்ல?"

"அழிச்சேனப்பா. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த."

"அதுக்குப் பெறகும் எங்கயாச்சும்…"

"இல்ல தம்பி. அந்த டிஸ்க்குல அதுக்கப்பெறகு எத்தனையோ தடவ ஏத்தி எறக்கியாச்சு" என்றார். பிறகு தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் எல்லாருக்கும் பிடித்தது எதுவோ, அது அவரிடம் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நான் அந்த வரப்பில் நின்று ஏங்கினேன். ஒரு திருட்டுப் புத்திக்காரரிடம் கொடுத்திருந்தால் என் தங்கச்சியின் குரல் இன்று இருந்திருக்கும்.

ஒன்பது நாள் லேப்டாப் அவரிடம் இருந்தது. களை எடுக்கிற பருவம். காட்டை மறந்துவிட்டு, அழித்த பிறகும் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற துண்டுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் கொண்டுவந்தார். ஒலிப்பதிவு என்று பட்டவை நூற்றுக்கணக்கில் கிடைத்திருந்தன. எதற்கும் பெயர் கிடையாது, வெறும் எண்கள். பெரும்பாலானவை சினிமாப் பாட்டின் துண்டுகளும், கம்ப்யூட்டரே எழுப்புகிற மணிச் சத்தமும், கரகரப்பும்தான். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"நீங்க கேட்டுப் பாத்தீகளாண்ணே? எதாச்சும் தேறுமா?"

"நா எப்படிக் கேப்பேன் தம்பி. அது ஒங்க வீட்டுப் புள்ள பேசுனது."

அப்போதும் கேட்கவில்லை அந்த மனுசர். நாங்கள் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்ததும் வாசலில் போய் உட்கார்ந்தார். சத்தம் அங்கேயும் எட்டியது. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில், உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்து வழிந்துகொண்டு இருந்தார். தெருவில் போனவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

நாற்பது விநாடி கிடைத்தது. சிறுநீரகத்தைப் பற்றிய பாடம். பாதியில் தொடங்கிப் பாதியில் நின்றது. இதயம் கிடைக்கவில்லை. சோறு போட்டு வைக்கச் சொன்னது கிடைக்கவில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, எந்தச் சேதமும் இல்லாமல், தெளிவாக ஓடியது. "அக்கா… ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?" அன்று மைக்கைச் சோதித்துப் பார்த்த அவருடைய குரல்.

அம்மா வாசலுக்கு எழுந்து போனாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எம் புள்ள கொரலு போயிருச்சு. ஒங்க கொரலு மட்டும் முழுசா இருக்கு" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "அத அழிச்சிருங்கக்கா" என்றார். அம்மா உள்ளே வந்துவிட்டாள். குடித்துவிட்டுப் போங்கள் என்று ஒரு சொம்பு தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அந்தப் பேச்சு எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் உள்ளேயே இருந்தேன்.

அந்தக் குரலை நாங்கள் அழிக்கவில்லை. பாசத்தினால் இல்லை, அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி மாறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். "ரெண்டாவது காப்பி எங்க இருக்கு?" என்பாராம். இல்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொட மாட்டாராம். தானாக ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளவும் மாட்டாராம்.

போன புரட்டாசியில், உழவு முடிந்து வந்து தண்ணீர் கேட்டவர், சொம்பு வருவதற்குள் போய்விட்டார் என்றார்கள். நெஞ்சுவலி. எங்களுக்குத் தெரியும்போது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நாலு அறையில எந்த அறை அடச்சுச்சோ" என்றாள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவருடைய மனைவி வந்தார். அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. முந்தானை முடிச்சிலிருந்து அந்த பென் டிரைவை எடுத்தார். அறுந்த கறுப்புக் கயிறு இன்னும் மூடியில் இருந்தது.

"சுடுகாட்டுல அரைஞாண அறுக்கையில எடுத்து, எங் கொழுந்தனாரு கொண்டாந்து குடுத்தாரு. இதுல அவுக ஏதாச்சும் வச்சிருக்காகளான்னு பாக்கணும் தம்பி. அவுக லேப்டாப்பு தெறக்கல. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அவுக அடிக்கையில நா திரும்பிக்கிருவேன். அவுக சொல்லிக் குடுத்ததுதான்."

எங்கள் லேப்டாப்பை அணைத்து, அதைச் சொருகி, அதிலிருந்தே இயக்கினேன். மல்லிக் காடு வந்தது. அந்த அம்மா திரையை நெருங்கி, மூலையில் இருந்த சிவப்புப் பொட்டின்மேல் விரலை வைத்தார்.

"இது நாந்தான். களை எடுத்துக்கிட்டு இருந்தேன். நிமிருன்னு சொல்லாம எடுத்துட்டாக."

வேறு ஒன்றும் அதில் இல்லை. இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது அது எதையும் எழுதி வைத்துக்கொள்ளாது, அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். எத்தனை வீடுகளுக்குப் போய்வந்தது, ஒரு வீட்டு ஞாபகமும் அதில் இல்லை. இதை அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அம்மா என் தோளைத் தொட்டாள். "அதப் போடு" என்றாள்.

பென் டிரைவை எடுத்துவிட்டு, லேப்டாப்பைப் பழையபடி திறந்து அதைப் போட்டேன். "அக்கா… ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?"

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டார். எத்தனை தரம் போட்டேன் என்று தெரியாது. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நா ஒரு வார்த்த சொல்லிட்டேன் தாயி. சொல்லியிருக்கக் கூடாது."

"அவுக எங்கிட்டச் சொன்னாக" என்றார் அந்த அம்மா. "அந்த அக்கா சொன்னதுல தப்பில்ல, நா ஒரு காப்பி வச்சிருக்கலாம்னு சொன்னாக. ரெண்டு நாளு சாப்பிடல."

அவருடைய செல்போனில் அதை ஏற்றிக் கொடுத்தேன். பிறகு அவர் கணவரின் பழக்கம் ஞாபகம் வந்து, "எங்ககிட்ட இருக்கத அழிச்சிரட்டுமாக்கா? அடுத்தவங்க பொருள வச்சிருக்கக் கூடாதுன்னு அண்ணே சொல்லுவாக" என்றேன்.

"வேணாந் தம்பி" என்று பதறிக் கையை நீட்டினார். "ஒங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். என் போனு தொலஞ்சு போச்சுன்னா நா யார்ட்டப் போயி நிப்பேன்?"

பென் டிரைவை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, பரளச்சி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாளே தங்கச்சி குரல், அவர் குரல் இரண்டையும் மூன்று இடங்களில் எடுத்து வைத்தேன். லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு, அந்த பென் டிரைவிலிருந்தே லினக்ஸைத் திரும்பப் போட்டேன். ஆபீஸ் வேலையை ஆபீஸிலேயே இருந்து முடித்துவிட்டு வருகிறேன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. பென் டிரைவை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இப்போது அம்மா காலையில் இரண்டையும் கேட்கிறாள். முதலில் தங்கச்சியின் நாற்பது விநாடி. அது பாதியில் நின்ற பிறகு அவர் குரல். "கேக்குதா?" என்று அவர் கேட்கும்போது, அம்மா அடுப்படியிலிருந்து, "கேக்குது தம்பி" என்கிறாள்.